ரிஷிகேஷ் முகர்ஜி: 'ஆனந்த்' எடுத்தவரும் 'கோல்மால்' எடுத்தவரும் ஒரே ஆளா?

மாலைக்காட்சி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். இந்திப் படங்கள் எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை, சப்டைட்டில் இல்லாமல் பார்க்கவும் வராது. ஆனால் தில்லுமுல்லு படத்தை டிவியில் எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுவேன், தேங்காய் சீனிவாசன் வருகிற காட்சிகளில் வீட்டில் யாரும் ரிமோட்டைத் தொட முடியாது. அதன் மூலப்படம் 1979-ல் வந்த கோல்மால் என்று தெரிந்ததும், சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன்.

அங்கே ரஜினிக்குப் பதில் அமோல் பாலேகர். பார்த்தால் பக்கத்து டேபிளில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் மாதிரி இருக்கிறார். மீசையை மதிக்கும் முதலாளியாக உத்பல் தத். நம் படத்தில் இருக்கிற அடிதடி வேகம் இதில் இல்லை, ஆனால் சிரிப்பு குறையவே இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். இயக்கம் ரிஷிகேஷ் முகர்ஜி என்று போட்டிருந்தது. தேடிப் பார்த்தால் ஆனந்த் (1971) படமும் இவருடையதுதான். அதையும் பார்த்தேன், கடைசியில் நன்றாகவே அழுதேன். அப்புறம் இந்த வாரம் சத்யகாம் (1969). அதைப் பார்த்த இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

என் கேள்வி இதுதான். பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கிச் சிரிக்க வைத்தவரும், பொய்யே சொல்லத் தெரியாத ஒருவன் அதற்காக அழிந்துபோவதை எடுத்தவரும் ஒரே ஆள்தானா? இவர் எங்கிருந்து வந்தார், இதையெல்லாம் எப்படி எடுத்தார்? 'நடுத்தர வர்க்கத்து மென்மையான படங்கள்' என்று ஒரே வரியில் எல்லோரும் முடித்துவிடுகிறார்கள், அது எனக்குப் போதவில்லை. அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

மூவியோலா

ஒரே ஆள்தான் தம்பி. எங்கிருந்து வந்தார் என்று கேட்டீர்களே, அதற்கு விடை எடிட்டிங் டேபிள். நானும் அந்தத் தொழிலில் இருப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1922-ல் கல்கத்தாவில் பிறந்தவர். வேதியியல் படித்தவர், கொஞ்ச காலம் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்தார். பி.என். சர்க்காரின் நியூ தியேட்டர்ஸ் படக் கம்பெனியில் முதலில் கேமரா பக்கம், பிறகு படத்தொகுப்பு. இயக்குநர் பிமல் ராய் கல்கத்தாவை விட்டு பம்பாய்க்கு வந்தபோது அவரோடு ஒரு வங்காளக் கூட்டமே கிளம்பி வந்தது, அதில் இவரும் ஒருவர். பிமல் ராய்க்கு எடிட்டர், உதவி இயக்குநர், திரைக்கதையில் துணை, எல்லாமே இவர்தான். 1953-ல் வந்த தோ பீகா ஜமீன் படத்தின் திரைக்கதையும் படத்தொகுப்பும் இவர் பெயரில்தான் இருக்கின்றன. தேவதாஸ், மதுமதி படங்களையும் வெட்டி ஒட்டியது இவரே, மதுமதிக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது.

தோ பீகா ஜமீனில் ஒரு காட்சி. அடமானத்தில் இருக்கும் நிலத்தை மீட்பதற்காகக் கல்கத்தாவில் கைரிக்‌ஷா இழுக்கிறார் பல்ராஜ் சஹானி. ஏறிய ஆள் முன்னால் போகும் வண்டியில் இருக்கிற பெண்ணைப் பிடிக்க வேண்டும் என்று விரட்டுகிறான். இன்னும் வேகமாகப் போ, காசு கூடத் தருகிறேன், இன்னும் வேகம், இன்னும் கொஞ்சம் காசு. சக்கரம், கால், முகம், சக்கரம், கால், முகம். ஒவ்வொரு முறையும் ஷாட் சற்றே சுருங்கிக்கொண்டு வரும், வண்டியில் இருப்பவனுக்கு இது விளையாட்டு, இழுப்பவனுக்கு உயிர் போகிற விஷயம். கடைசியில் சக்கரம் கழன்றுவிடும். வசனமாக யாரும் ஒன்றும் விளக்கவில்லை, வெட்டிய விதத்திலேயே எல்லாம் புரிந்துவிடுகிறது. இதைப் பார்த்துவிட்டு மறுபடி ஆனந்துக்குப் போங்கள்.

ஆனந்த் படத்தின் தொடக்கத்திலேயே, நோயாளியான ஆனந்த் (ராஜேஷ் கன்னா) இறந்துவிட்டான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. டாக்டர் பாஸ்கர் (அமிதாப்) அவனைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குப் பரிசு வாங்குகிற இடத்தில்தான் படம் ஆரம்பிக்கிறது. ஆக, 'பிழைப்பானா மாட்டானா' என்ற பரபரப்பை இயக்குநர் முதல் சில நிமிடங்களிலேயே தூக்கிப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு ராஜேஷ் கன்னா சிரிக்கும் ஒவ்வொரு சிரிப்பையும் நாம் வேறு கண்ணோடுதான் பார்க்கிறோம். இது கதை எழுதுகிறவர் யோசனை என்பதைவிட, எந்தக் காட்சியை எங்கே வைத்தால் மற்ற காட்சிகள் மாறும் என்று வருடக்கணக்காகப் பழகிய ஒரு எடிட்டரின் யோசனை.

முடிவில் அந்த டேப் ரெக்கார்டர். பாஸ்கரின் குரலில் கவிதை ஓடி முடிகிறது. டேப் நிற்கவில்லை, சத்தமில்லாமல் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதற்குள் ஆனந்தின் உயிர் போய்விட்டது. தாமதமாக வந்து சேர்ந்த பாஸ்கர், ஆறு மாதமாகப் பேசிப் பேசியே என்னை உயிரை எடுத்தாயே, இப்போது பேசு என்று கத்துகிறான். அப்போதுதான் டேப்பிலிருந்து "பாபுமோஷாய்!" (வங்காளத்தில் 'ஐயா' என்பது மாதிரி) என்று ஆனந்தின் குரல் வருகிறது. அந்த மௌனம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு விநாடி குறைந்திருந்தால் அது தந்திரமாகத் தெரிந்திருக்கும், கூடியிருந்தால் நாமே டேப்பை எதிர்பார்க்கத் தொடங்கியிருப்போம். ஆனந்த் படத்துக்கு எடிட்டிங் விருதையும் அவர்தான் வாங்கினார்.

'பாபுமோஷாய்' என்று ரிஷிகேஷ் முகர்ஜியை அழைத்தது நடிகர் ராஜ் கபூர். அந்த நட்பிலிருந்து பிறந்ததுதான் ஆனந்த், படத்தைப் பம்பாய் நகரத்துக்கும் ராஜ் கபூருக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார்.

மூட்டு வலியால் பல வருடம் அவதிப்பட்டவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இயக்குவார், ஷாட்டுக்கு ஷாட் நடுவில் சதுரங்கம் ஆடுவார். எந்தத் துண்டு எங்கே ஒட்டும் என்று மனதுக்குள் முதலிலேயே முடிவாகிவிட்டதால், தேவையில்லாத ஷாட்டை எடுப்பதே இல்லை. அதனால்தான் பெரிய நட்சத்திரங்களை வைத்தும் சின்னச் செலவில், ஒரே வீட்டுக்குள், சீக்கிரமாக முடிக்க முடிந்தது. தயாரிப்பாளர் என்.சி. சிப்பியின் வீட்டில் இவர் படங்கள் பல எடுக்கப்பட்டன. அது பிறகு தன் வீடாகிவிட்டது என்று அமிதாப் பச்சனே சொல்லியிருக்கிறார்.

தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது. நம் பக்கத்து மாநிலத்துச் செம்மீன் (1965) நினைவிருக்கிறதா? ராமு காரியத் இயக்கம், சலீல் சௌத்ரி இசை, மார்கஸ் பார்ட்லி கேமரா. அதன் படத்தொகுப்பில் ரிஷிகேஷ் முகர்ஜியின் கை உண்டு. அதேபோல மன்மோகன் தேசாயின் கூலி (1983) படத்துக்கும் இவர்தான் எடிட்டர். சண்டை, பாட்டு, கண்ணீர் என்று முழு மசாலா. ஆக, இன்னொருவர் படம் என்ன கேட்கிறதோ அதை முழு மனதோடு கொடுக்கத் தெரிந்தவர். மசாலா தெரியாததால் மென்மையாக எடுத்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கொட்டகை நாட்கள்

மூவியோலா சார் எடிட்டிங் பக்கத்தைச் சொல்லிவிட்டார், நான் அந்தப் பொய், மெய் விஷயத்துக்கு வருகிறேன். மாலைக்காட்சி, உங்கள் கேள்வி ரொம்பச் சரியான கேள்வி. எனக்கும் பல வருடம் இது உறுத்திக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்று. நீங்கள் தில்லுமுல்லு (1981) வழியாக வந்தீர்கள். அதை இயக்கிய கே. பாலசந்தர் அதற்குப் பத்து வருடம் முன்னாலேயே இவர் படம் ஒன்றைத் தமிழில் எடுத்துவிட்டார். ஜெமினி கணேசன் நடித்த புன்னகை (1971), சத்யகாமின் தமிழ் வடிவம்தான். ஆக, உங்கள் இரண்டு முனைகளையும், அந்தப் பொய்ப் படத்தையும் இந்த மெய்ப் படத்தையும், தமிழில் எடுத்தவரும் ஒரே ஆள்தான். பாலசந்தருக்கும் உங்களுக்கு வந்த இதே வியப்பு வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அப்புறம் இவருடைய குப்சூரத் (1980) நம்மிடம் லட்சுமி வந்தாச்சு (1986) ஆனது. சிவாஜி, பத்மினி, ரேவதி.

இப்போது இந்தப் படங்களில் இருக்கும் பெரியவர்களை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கோல்மாலில் உத்பல் தத்: மீசை வைத்தவன் யோக்கியன், இல்லாதவன் உதவாக்கரை என்று ஒரு சட்டம். குப்சூரத்தில் தீனா பாடக்: வீட்டில் சிரிப்பதற்குக்கூட ஒரு நேரம் காலம் உண்டு என்கிற அளவுக்குக் கட்டுப்பாடு. சுப்கே சுப்கே (1975) படத்தில் ஓம் பிரகாஷ்: தன்னைவிடப் புத்திசாலி கிடையாது, தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு. அங்கே தாவரவியல் பேராசிரியரான தர்மேந்திரா டிரைவர் வேஷத்தில் வந்து, நம்மூரில் ஒரு டிரைவர் சங்கத்தமிழில் பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு தூய இந்தியில் பேசியே அவரைத் திணறடிப்பார். மூன்று பேருமே கெட்டவர்கள் கிடையாது. மனிதர்களை அளக்க ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், அது ஆளைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். பொய் சொல்கிறவர்கள் அந்த அளவுகோலைத்தான் ஏமாற்றுகிறார்கள்.

சத்யகாமில் அசோக் குமார் நடித்த அந்தத் தாத்தா யார்? அவரும் அதே பெரியவர்தான், சிரிப்பில்லாமல். சாஸ்திரம், குலம், ஆசாரம் என்று ஒரு அளவுகோல். பேரன் சத்யப்ரியன் மணந்த பெண்ணையும் அவள் மகனையும் அவரால் ஏற்க முடியவில்லை. பேரன் இறந்ததும், சிறுவன் ஏன் கொள்ளி வைக்கவில்லை என்ற கேள்விக்கு, மானத்தைக் காப்பாற்ற அவரே ஒரு பொய்க் காரணம் சொல்கிறார். எல்லோருக்கும் நடுவில் அந்தச் சின்னப்பிள்ளை, காரணம் அது இல்லை, நான் அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை இல்லை, அதனால்தான் என்று சொல்லிவிடுகிறது. வாழ்நாள் முழுக்க சத்தியத்தைப் பற்றிப் படித்த பெரியவர் ஒரு குழந்தைக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கிறார். சாந்தோக்ய உபநிடதத்தில் வருகிற சத்யகாம ஜாபாலனின் கதைதான் இது, படத்தின் பெயரும் அங்கிருந்து வந்ததே. (அந்தச் சிறுவனாக நடித்தது பேபி சாரிகா. பின்னாளில் நாம் எல்லோரும் அறிந்த அதே சாரிகா.)

அதனால் எனக்கு இரண்டும் வேறு வேறு படங்களாகத் தெரிவதில்லை. ஒரே வீடு, ஒரே பெரியவர். ஒரு படத்தில் பொய்யால் கதவு திறக்கிறது, இன்னொன்றில் மெய்யால்.

ஆனால் சத்யகாமில் என்னை உலுக்குவது அந்தக் கடைசிக் காட்சிகூட இல்லை, அதற்கு முந்தையது. சத்யப்ரியன் சாகக் கிடக்கிறான், குரலே போய்விட்டது. குடும்பத்துக்குச் சல்லிக்காசு சேர்த்து வைக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, மோசமான கட்டுமானத்துக்கு ஒப்புதல் தரும் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் நீட்டுகிறான். ஷர்மிளா டாகூர் அதைப் பார்க்கிறார், கிழித்துப் போடுகிறார். தர்மேந்திரா முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், பேச்சே இல்லை. தர்மேந்திரா என்றால் சண்டைக்காரர் என்று மட்டும் நினைப்பவர்கள் அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்க வேண்டும். படம் ஓடவில்லை. ஆனாலும் தன் படங்களில் தனக்குப் பிடித்தது அதுதான் என்று ரிஷிகேஷ் முகர்ஜி சொல்லி வந்தார்.

ஜன்னலோரம்

நானும் இவர் படங்களோடு வளர்ந்தவள்தான், அப்பாவுக்கு வேலை வடக்கே. அதனால் உரிமையோடு ஒரு மனக்குறையைச் சொல்கிறேன், இங்கே யாரும் தொடவில்லை.

அபிமான் (1973) பாருங்கள். கணவன் (அமிதாப்) பிரபலமான பாடகன், கிராமத்தில் அப்பாவிடம் பாட்டுக் கற்ற உமாவை (ஜெயா) கட்டிக்கொண்டு வருகிறான். கல்யாண வரவேற்பில் இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். எல்லோரும் கை தட்டும்போது, சங்கீதம் தெரிந்த பெரியவராக வருகிற டேவிட்டின் முகம் மட்டும் மாறும். இவள் அவனைவிட நன்றாகப் பாடுகிறாள், இது எங்கே போய் முடியுமோ என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிடுகிறது. ஒரு ஆணின் பொறாமை எப்படி மெதுவாக, சிரித்த முகத்தோடு, சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காருகிறது என்பதை அந்தக் காலத்தில் இவ்வளவு துல்லியமாக எடுத்தவர்கள் குறைவு. அமிதாப்பும் ஜெயாவும் நிஜத்திலும் அதே வருடம்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள், அதுவும் சேர்ந்து படத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும்.

ஆனால் முடிவு? பிள்ளையை இழந்து, பேச்சே நின்று போனவளை மேடையில் கணவனோடு சேர்ந்து பாட வைத்து முடித்துவிடுகிறார். அழாமல் பார்க்க முடியாது, அது வேறு. ஆனால் அவன் செய்ததற்கு அவன் என்ன பதில் சொன்னான்? 1960-ல் எடுத்த அனுராதாவிலும் இதே பெண்தான் இருக்கிறாள். லீலா நாயுடு, வானொலியில் பாடிப் புகழ் பெற்றவள், காதலித்த டாக்டருக்காகப் பாட்டை விட்டுவிட்டு ஒரு கிராமத்தில் அடுப்படியில் கிடக்கிறாள். கிளம்பிப் போகும் அளவுக்கு வந்து, கடைசியில் இருந்துவிடுகிறாள். பண்டிட் ரவிசங்கரின் இசை, ஜனாதிபதி தங்கப்பதக்கம், பெர்லின் விழாவுக்குப் போன படம். எனக்கு ரொம்பப் பிடித்த படமும்கூட. இருந்தாலும் இரண்டு படத்திலும் அந்தப் பெண்ணின் வலியைக் கடைசி வரை கண்ணிமைக்காமல் பார்த்தவர், கடைசிப் பத்து நிமிடத்தில் குடும்பம் உடையக் கூடாது என்று அவசரப்படுகிறார். கொட்டகை நாட்கள் அண்ணன் சொன்ன அந்தப் பெரியவர், இந்த இரண்டு படத்திலும் இயக்குநரின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

கொட்டகை நாட்கள்

அம்மா, நீங்கள் சொன்ன கடைசி வரியை மறுக்க முடியவில்லை. அனுராதா பற்றி மட்டும் ஒன்று. அந்தக் கணவன் கெட்டவன் இல்லை, ஊருக்காக உழைக்கிற நல்ல டாக்டர். நல்லவனாலேயே இவ்வளவு வலியைக் கொடுக்க முடியும் என்று காட்டியதற்காக நான் அந்த முடிவைப் பொறுத்துக்கொள்வேன். அபிமான் முடிவு எனக்கும் நெருடல்தான்.

சரிவிகிதம்

சுருக்கமாகச் சொல்கிறேன், எதைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தாரே.

சிரிப்பு வேண்டுமானால் முதலில் சுப்கே சுப்கே. அமிதாப் ஆங்கில இலக்கியப் பேராசிரியர், தாவரவியல் பாடம் எடுக்க மாட்டிக்கொண்டு பூவின் பாகங்களை விளக்க முடியாமல் முழிக்கிற இடத்துக்காகவே பார்க்கலாம். அதே 1975-ல்தான் ஷோலே வந்தது, அதே தர்மேந்திரா, அதே அமிதாப், அதே ஜெயா. ஒரே வருடத்தில் இரண்டையும் பார்த்த ரசிகர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அப்புறம் பாவர்ச்சி (1972). எழுத்தில் டைட்டிலே கிடையாது, அமிதாப் குரல் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகும். சண்டைக்காரர்கள் நிறைந்த 'சாந்தி நிவாஸ்' என்ற வீட்டுக்குச் சமையல்காரனாக ராஜேஷ் கன்னா வருகிறார். மூலம் தபன் சின்ஹாவின் வங்காளப் படம்.

குட்டி (1971) விட்டுவிடாதீர்கள். தமிழில் இருக்கும் குட்டி இல்லை, 'குட்டீ' என்று அந்தப் பெண்ணின் செல்லப்பெயர். தர்மேந்திரா மீது பைத்தியமாக இருக்கும் பள்ளிக்கூடப் பெண்ணாக ஜெயா பாதுரி, தர்மேந்திராவாகவே தர்மேந்திரா. ஸ்டூடியோவுக்குள் கூட்டிப் போய், திரையில் தெரிகிற எல்லாம் எத்தனை பேருடைய உழைப்பு என்று காட்டுவார். தீயில் அழிந்த ஒரு ஸ்டூடியோ தளத்தில் நின்று, பிமல் ராய் இங்கேதான் படம் எடுத்தார் என்று பேசுகிற இடம் வரும். தன் குருவுக்கு அவர் செய்த மரியாதை அது.

நமக் ஹராம் (1973) அதற்குப் பிறகு. ஆலை முதலாளி மகனும் ஏழை நண்பனும். ஆனந்தில் ராஜேஷ் கன்னா சூப்பர் ஸ்டார், அமிதாப் புதுமுகம் மாதிரி. இரண்டே வருடத்தில் தட்டு எப்படிச் சாய்ந்தது என்று இந்தப் படத்தில் கண்ணெதிரே தெரியும்.

கடைசிப் படம் 1998-ல் வந்த ஜூட் போலே கவ்வா காட்டே. அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய வேகம் அதில் இல்லை. 1999-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது, 2001-ல் பத்ம விபூஷண், 2006 ஆகஸ்ட் 27-ல் மும்பையில் காலமானார்.

மாலைக்காட்சி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

மூவியோலா அண்ணன் சொன்ன ரிக்‌ஷா காட்சியை நேற்று இரவு பார்த்தேன், இரண்டாவது முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். சக்கரம், கால், முகம். சத்தம் இல்லாமலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஜன்னலோரம் அக்கா, அபிமானில் பாதி வரை வந்திருக்கிறேன். நீங்கள் டேவிட் முகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் அதைக் கவனித்திருக்க மாட்டேன், அமிதாப்பையும் ஜெயாவையும்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். இவருடைய முதல் படம் முசாஃபிர் (1957) எப்படி? ஒரே வாடகை வீடு, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று குடித்தனங்கள் என்று படித்தேன். வீடுதான் இவர் படங்களில் எல்லாமே என்றால் அங்கிருந்து பார்ப்பது நல்லதோ என்று தோன்றுகிறது.

மூவியோலா

கட்டாயம் பாருங்கள். வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கோடு சேர்ந்து எழுதியது. சுசித்ரா சென், கிஷோர் குமார், திலீப் குமார் எல்லோரும் உண்டு, திலீப் குமார் லதாவோடு சேர்ந்து ஒரு பாட்டே பாடியிருக்கிறார். படம் தோற்றுப்போனது. ஆனால் அதைப் பார்த்துப் பிடித்துப்போய்த்தான் ராஜ் கபூர் அடுத்த படத்துக்கு வந்தார், அது அனாரி (1959), பெரிய வெற்றி.

ஒரு குடித்தனம் காலி செய்து போய், அடுத்தது வருவதற்குள், அந்த வெறும் வீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.